ஹட்ஸன் காரின் இடது விளக்கு

வாஷிங்டனில் என் வேலை ஓட்டை போடுவது.
வேண்டாம் என்று அதிகாரி உறையில் சிலுவை இட்ட
நெகட்டிவ்களை எடுத்து
இரும்புக் கருவியின் வாயில் கொடுப்பேன்.
டக்.
இனி அதை யாரும் அச்சிட முடியாது. அச்சிட்டால்
வானத்திலோ வயிற்றிலோ ஒரு கரிவட்டம் விழும்.
முப்பத்தேழாம் வருஷம். மாசம் எழுபது டாலர்.
வேலை இருப்பதே பெரிது என்பாள் என் மனைவி.
அவள் சொல்வதில் தப்பில்லை.

கலிபோர்னியாவிலிருந்து வாரம் ஒரு பொட்டலம் வரும்.
பட்டாணி வயல், பாலத்தடிக் கூடாரம், வற்றிய முலை.
கூடவே படமெடுத்தவரின் குறிப்பு, பென்சிலில்:
"ஒக்லஹோமாக்காரர்கள். ஐந்து பிள்ளைகள்.
மூன்று வருஷம் மழை இல்லை, பிறகு புழுதி, பிறகு டிராக்டர்.
பெயர் வெஸ்டா ஹார்கிஸ்.
பெயரைப் போட வேண்டாம் என்கிறாள்."

நாங்கள் போடவில்லை.

நான்கு படங்கள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்:
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
கையால் வாயைப் பொத்தியிருக்கிறாள்.
பத்திரிகைகள் கேட்டு வாங்கின.
பேச வார்த்தையற்ற தேசம் என்று தலைப்பிட்டது ஒன்று.

நான்காவதில் அவள் சிரிக்கிறாள்.
பின்னால் ஹட்ஸன் கார். கூரையில் மெத்தை, கோழிக்கூண்டு.
மட்கார்டில் ஒரு காலை ஏற்றிப் புருஷன்,
கலியாணத்துக்குக் கிளம்பியவன் போல.
"கஷ்டப்படுகிறவன் இப்படி நிற்க மாட்டான்" என்றார் அதிகாரி.
டக்.

கருவியிலிருந்து உதிரும் வட்டங்கள்
மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு.
கூட்டித் தள்ளும்முன் சில நாள்
ஒன்றை நகத்தில் ஏற்றி ஜன்னலில் பிடிப்பேன்.
ஒரு பித்தான். அரைக் காது. நாயின் வால்நுனி.
அன்றைக்கு அகப்பட்டது காரின் இடது விளக்கு.
வெயிலில் மின்னியிருக்க வேண்டும்,
நெகட்டிவில் மையாய்க் கறுத்திருந்தது.
ஏனென்று தெரியாது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு கடிதம், கோடு போட்ட தாளில்.
திட்டியிருப்பாள் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

"ஐயா, பேப்பரில் வந்ததைக் கடையில் காட்டினார்கள்.
அது நான்தான், மறுக்கவில்லை. அன்றைக்குப் பல்வலி.
அந்தப் படம் எனக்கு வேண்டாம்.
கார் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்தாரே,
அதில் ஒரு பிரதி கிடைக்குமா.
காரை பேக்கர்ஸ்ஃபீல்டில் பதினெட்டு டாலருக்குக் கொடுத்துவிட்டோம்.
எங்களுக்குக் கார் இருந்தது என்றால் இங்கே எவரும் நம்புவதில்லை.
சின்னவனே நம்ப மறுக்கிறான்.
தபால் செலவை அறுவடை முடிந்து அனுப்புகிறேன்."

எல்லோரும் போனபின் இருட்டறையில் அச்சிட்டேன்.
சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் தாள் அசைய,
முதலில் எழும்பி வந்தது என் ஓட்டை.
அதற்குப் பிறகுதான் மெத்தை, கோழிகள்,
மட்கார்டின்மேல் பிளந்த பூட்ஸ்,
கடைசியாக அவள் பற்கள்,
வலித்துக்கொண்டே சிரித்தவை.
விளக்கு இருந்த இடத்தில் ஒரு தார்ச்சொட்டு.

மன்னிப்புக் கேட்டு எழுத மூன்று தாள் கிழித்தேன்.
பிறகு சட்டைப்பை வட்டத்தைக் காகிதத்தில் மடித்து
இது உங்களுடையது என்று மேலே எழுதி
படத்தோடு வைத்து ஒட்டினேன்.

அக்டோபரில் உறை திரும்பி வந்தது.
ஆர்வின். ஷாஃப்டர். டுலாரி. அப்புறம் வடக்கே, யாக்கிமா.
"இங்கில்லை, போய்விட்டார்கள்" என்று
ஒவ்வோர் அஞ்சலகமும் முத்திரை குத்தி அடுத்ததற்குத் தள்ளியிருக்கிறது.
உருளைக்கிழங்குக்குப் பின் பீச், பீச்சுக்குப் பின் ஆப்பிள்.
அவர்கள் போன வழியெல்லாம் போயிருக்கிறது,
எப்போதும் ஒரு வாரம் பிந்தி.

படம் இருந்தது, ஓரம் மடங்கி.
மடித்த காகிதம் இருந்தது, என் கையெழுத்தும்.
உறையின் மூலையில் மட்டும் ஒரு கிழிசல்.

ஏதோ ஓர் அஞ்சலகத்தின்
தரைப்பலகை இடுக்கில் கிடக்கலாம்
ஹட்ஸன் காரின் இடது விளக்கு,
துடைப்பத்துக்குத் தப்பியிருந்தால்.